பத்தாயிரத்துக்குள் ஒரு போன், முழுக்காசு கொடுத்து

பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல போன் எது என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் மாடல் பெயர் சொல்வதில்லை. ரொக்கமா, டியூவா என்று கேட்கிறேன். கேட்டவர்கள் முகம் கொஞ்சம் சுருங்குகிறது. கையில் காசு இருக்கிறதா என்று விசாரிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதற்காகக் கேட்கவில்லை. அந்த விலையில் விற்கும் போன்களுக்குள் வித்தியாசம் உண்டு, அதைப் பற்றியும் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் எந்தக் கம்பெனி போன் என்பதைவிட, எப்படிக் காசு கட்டி வாங்கினோம் என்பதில்தான் அதன் பாதிக் குணம் அடங்கியிருக்கிறது. வலையங்குளம் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருக்கும் என் அத்தையின் போன் ஒரு முகூர்த்த நாள் விடியற்காலையில் பூட்டிக்கொண்டது. அன்றிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை.

மல்லிக்காரர்களுக்குப் போன் எதற்கு என்று மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மொட்டு மலர்வதற்குள் பறித்தாக வேண்டும். இருட்டோடு தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பறிக்க இறங்கினால், விடியும்போது மூட்டை வண்டி ஏறிவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் மாட்டுத்தாவணி கமிஷன் கடையிலிருந்து அன்றைய விலை போனில் வந்துவிடும். சாதாரண நாளில் கிலோ சில நூறுக்குப் போகிற பூ, முகூர்த்த நாளில் ஆயிரங்களைத் தொடும். வரத்து கூடிப்போனால் செண்ட் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இன்றைக்கு மாட்டுத்தாவணிக்கு அனுப்புவதா, உள்ளூர் ஏஜெண்டிடம் போடுவதா, கூலிக்கு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுவதா என்ற முடிவெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் போனில்தான் நடக்கிறது. பறிப்புக் கூலியையும் இப்போது பலர் யுபிஐயில்தான் கேட்கிறார்கள். அத்தை பழைய பட்டன் போனிலிருந்து பெரிய போனுக்கு மாறியதே இதனால்தான். முன்பணம் இல்லை, மாதா மாதம் கட்டினால் போதும் என்று கடையில் சொன்னதால் டியூவில் எடுத்திருந்தார்.

அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனிலிருந்து அழைத்தார். “மருமகனே, போன்ல என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்குய்யா. எதைத் தொட்டாலும் போகமாட்டேங்குது.” யாரையாவது விட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். தவணை நிலுவையில் இருப்பதால் இந்தச் சாதனம் முடக்கப்பட்டுள்ளது, பணம் செலுத்தத் தொடர்பு கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று அவசர அழைப்பு, மற்றது அந்தக் கடன் கம்பெனியின் எண். வேறு எதுவும் வேலை செய்யவில்லை. விலை சொல்லும் அழைப்பு வரவில்லை. வண்டிக்காரர் எங்கே நிற்கிறார் என்று கேட்க வழியில்லை. அத்தையிடம் பணம் இல்லாமலும் இல்லை. கமிஷன் கடைக்காரர் வாரக் கணக்கு வைத்துத்தான் பைசல் செய்வார்; பணம் அவரிடம் நிற்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து தவணையை இழுத்துக்கொள்ளும் தேதி அதற்கு முன்னால் வந்துவிட்டது. கணக்கில் கொஞ்சம் குறைந்ததால் திரும்பிவிட்டது. அதற்கு வங்கி ஒரு அபராதம், கடன் கம்பெனி ஒரு அபராதம்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. தவணையைக் கட்ட யுபிஐ வேண்டும். யுபிஐ அந்தப் போனில் இருக்கிறது. வேறு வழியில் கட்டலாம் என்றால் ஓடிபி அந்த எண்ணுக்கு வரும். சிம் அந்தப் போனுக்குள் இருக்கிறது. கழற்றி வேறு போனில் போடலாம்தான், இருட்டில் சிம் தட்டைத் திறக்கும் ஊசியைத் தேடி யார் அலைவது? கடனைக் கட்டும் கருவியையே பூட்டிவிட்டுக் கடனைக் கட்டு என்கிறார்கள். கடைசியில் மதுரையில் இருந்தபடி நான் என் கணக்கிலிருந்து கட்டினேன். கட்டிய பிறகும் பூட்டு உடனே திறக்கவில்லை. “சர்வர்ல அப்டேட் ஆகணும் சார்” என்றார்கள். மதியத்துக்கு மேல் திறந்தது. அதற்குள் அந்த நாள் பூவை அத்தை உள்ளூர் ஏஜெண்டிடம் பாதி விலைக்குப் போட்டுவிட்டார். முகூர்த்த நாளின் பூ அது.

பூட்டு எங்கே இருக்கிறது

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சிலர் அங்கே மலிவாகக் கிடைத்தது என்று ஒரு போனைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நம் சிம்மைப் போட்டால் ஏற்காது. அந்த ஊரில் தொலைபேசி கம்பெனிகளே போனைத் தவணையில் விற்று, காசு தீரும்வரை தங்கள் சிம் மட்டும் ஓடும்படி பூட்டி வைக்கின்றன. வளைகுடாப் பக்கமிருந்து வருகிற சில செட்டுகளில் இன்னொரு வகை: அந்தப் பிராந்தியத்து சிம் போட்டு முதலில் சில நிமிடம் பேசியிருந்தால்தான் மற்ற ஊர் சிம்களை ஏற்கும். நம் ஊரில் கடையில் வாங்கும் போன்களில் இந்தச் சிம் பூட்டு பெரும்பாலும் கிடையாது. 2017-இல் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோன் அந்தக் கம்பெனியின் சிம்மை மட்டுமே ஏற்றது. அது மாதிரி ஒன்றிரண்டுதான். அதனால் இங்கே விற்கும் போனெல்லாம் திறந்த போன்தான் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். பூட்டு இடம் மாறி, சிம்மிலிருந்து கடன் பத்திரத்துக்குப் போய்விட்டதை யாரும் கவனிக்கவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். பெரிய அலுவலகங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் போனைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்க ஆண்ட்ராய்டில் ஒரு வசதி உண்டு. எந்தச் செயலி இருக்கலாம், கேமரா வேலை செய்யலாமா, போனை எப்போது முடக்கலாம் என்பதெல்லாம் அந்த நிர்வாகி கையில். அதே அதிகாரத்தைத்தான் கடன் செயலிக்கும் கொடுக்கிறார்கள். கடையில் பெட்டியைப் பிரித்து, நாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அது ஏறிவிடும். சாதாரணச் செயலி போல அதை நீக்க முடியாது. சில முறைகளில் போனை முழுதாக ரீசெட் செய்தாலும், இணையம் கிடைத்தவுடன் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) சர்வரில் பார்த்து அதே செயலி திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பழைய போன் வாங்குகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். டியூ முடியாத போனை விற்றுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போனை அணைத்துத் திறந்தால் பூட்டுத்திரையில் இந்தச் சாதனம் ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற மாதிரி வரி தெரிகிறதா பாருங்கள். அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குள் போய், நிர்வாகச் செயலிகள் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். அதைப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் போட்டுப் பார்த்தால் திருட்டுப் போனாக முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். டியூ நிற்கிறதா என்பதை அந்தத் தளம் சொல்லாது. அதற்கு விற்பவரிடம் தவணை முடிந்ததற்கான கடிதம் கேட்பதுதான் வழி.

கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்ப வர வேண்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கறவை மாட்டுக்கு லோன் கொடுத்த வங்கி, தவணை தவறியதும் தொழுவத்துக்கு வந்து பால் கறக்காதே என்று நிற்பதில்லை. கறந்தால்தானே தவணை வரும்? வசூலுக்குக் கடிதம், அழைப்பு, அபராதம் என்று எத்தனையோ வழி இருக்கிறது. பேசவும் பணம் அனுப்பவும் விடாமல், பிழைப்பு நடக்கும் நேரத்தில் அதை நிறுத்துவது எந்தக் கணக்கிலும் நியாயமாகப் படவில்லை.

டவுன்ஹால் ரோட்டில்

மிச்சத் தவணையை மொத்தமாக முடித்து, அந்தப் போனை அத்தை பேரனுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த போனை ரொக்கத்துக்குத்தான் வாங்குவது என்று உறுதியாக இருந்தார். கமிஷன் கடைப் பணம் பைசலான பிறகு பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன்ஹால் ரோட்டுக்கு நடந்தோம். எந்த மாடல் வாங்கினோம் என்று எழுதப்போவதில்லை. இந்த விலையில் ஒரே உறுப்புகளை நாலைந்து கம்பெனிகள் வேறு வேறு பெயரில் விற்கின்றன, ஆறு மாதத்தில் அந்தப் பெயரும் மாறிவிடும். எதைப் பார்த்து வாங்கினோம், வாங்கிய பிறகு தோட்டத்தில் அது எப்படி உழைக்கிறது என்பது கூடுதல் நாளைக்கு உதவும்.

கடைக்காரர் கேமராவில் ஆரம்பித்தார். ஐம்பது மெகாபிக்சல் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. அந்தச் சென்சார் நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, சாதாரணமாகப் பன்னிரண்டரை மெகாபிக்சல் படத்தைத்தான் கொடுக்கும். அதில் தவறில்லை, பகலில் நன்றாகவே இருக்கிறது. இருட்டில் ஃபிளாஷ் போட்டு மல்லியை எடுத்தால் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடுகிறது. அத்தைக்குக் கேமரா எதற்கு? கணக்குச் சீட்டைப் படம் எடுக்கவும், கசங்கிய கியூஆர் அட்டையைச் சட்டென்று பிடிக்கவும். அதற்கு ஆட்டோஃபோகஸ் இருந்தால் போதும், இருக்கிறது. கேமரா பற்றி இவ்வளவுதான்.

நான் கேட்ட கேள்வி போனின் சேமிப்பைப் (ஸ்டோரேஜ்) பற்றி. எத்தனை ஜிபி என்பதோடு, அது எந்த வகை என்பதையும். மலிவு போன்களில் இஎம்எம்சி என்ற பழைய வகையும் இருக்கிறது, யுஎஃப்எஸ் என்ற வேகமான வகையும் இருக்கிறது. இஎம்எம்சி 5.1-இன் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. யுஎஃப்எஸ் 2.2 அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். படிப்பதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் செய்யும். இஎம்எம்சியால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும். பின்னால் ஏதோ ஒரு செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவிலிருந்து காலை வணக்கப் படங்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன, அந்த நேரம் பார்த்து யுபிஐயைத் திறக்கிறோம் என்று வையுங்கள். போன் திணறி நிற்பது அங்கேதான். புது போன் ஆறு மாதத்தில் கிழடு தட்டிப்போச்சு என்று சொல்கிறார்களே, பெரும்பாலும் ப்ராசசர் கிழடு தட்டுவதில்லை. சேமிப்பு நிரம்பி, அதன் வேகம் விழுந்திருக்கும். 64 ஜிபி என்று விற்கிற போனில் கால்பங்கை ஆண்ட்ராய்டும் கம்பெனிச் செயலிகளுமே எடுத்துக்கொள்கின்றன. கடைக்காரருக்கு வகை தெரியவில்லை. போனிலேயே கம்பெனித் தளத்தைத் திறந்து பார்த்து, யுஎஃப்எஸ் என்று உறுதியான பிறகுதான் எடுத்தோம்.

நாலு ஜிபி ரேம், கூடவே நாலு ஜிபி ‘எக்ஸ்ட்ரா’ என்று பெட்டியில் இருந்தது. அந்த எக்ஸ்ட்ரா வேறெதுவும் இல்லை, சேமிப்பிலிருந்து ஒரு துண்டை ரேம் மாதிரி பயன்படுத்துவதுதான். சேமிப்பு மெதுவானதாக இருந்தால் அதுவும் மெதுவாகத்தான் இருக்கும். உண்மையான நாலு ஜிபியில் அன்றாட வேலை எப்படி நடக்கிறது? பேசுவது, வாட்ஸ்அப், யுபிஐ, யூடியூப் எல்லாம் தடங்கலில்லை. ஆனால் யுபிஐயில் தொகையைப் போட்டுவிட்டு, எண்ணைச் சரிபார்க்க வாட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பினால், சில சமயம் யுபிஐ முதலிலிருந்து திறக்கிறது. அத்தைக்குப் பணம் போய்விட்டதோ என்று பதற்றம். ஆறு ஜிபி இருந்திருந்தால் இது குறைந்திருக்கும். விலை இடிக்கிறது.

5ஜி வேண்டாம் என்று நாங்களே விட்டோம். 2022 அக்டோபர் 1-இல் 5ஜி தொடங்கியபோது ஜியோ தனித்து இயங்கும் முறையிலும், ஏர்டெல் 4ஜியோடு சேர்ந்து இயங்கும் முறையிலும் இறங்கின. பத்தாயிரத்துக்குள் வரும் சில 5ஜி போன்கள் முதல் முறையை மட்டுமே ஏற்கும். இரண்டாவது முறையில் மட்டும் 5ஜி தரும் சிம்மைப் போட்டால், 5ஜி என்று வாங்கிய போனில் 4ஜிதான் ஓடும். அந்தக் காசை வேகமான சேமிப்புக்குக் கொடுப்பது மேல் என்று தோன்றியது. ஆனால் எந்தெந்த அலைவரிசையை ஏற்கும் என்பதைப் பார்த்தேன். சாலையில் முழுக்கோடு காட்டும் சிக்னல் கான்கிரீட் வீட்டுக்குள் போனதும் விழுந்துவிடுகிறது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசைகள்தான் சுவரைத் தாண்டி வரும். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் முக்கியம். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தியபோது எத்தனையோ பேர் பிஎஸ்என்எல்லுக்கு மாறினார்கள். மாற முடிந்ததே போன் எந்தச் சிம்மையும் ஏற்கிற போனாக இருந்ததால்தான். அத்தை இப்போது ஒரு சிம்மைப் பேச்சுக்கும் வங்கிக்கும், இன்னொன்றை நெட்டுக்கும் வைத்திருக்கிறார்.

பனியும் வெயிலும்

பெட்டியில் எழுதாத சோதனைகளைத் தோட்டம்தான் வைத்தது. முதலாவது, விரல். பல வருடம் மொட்டு கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. ரேஷன் கடைக் கருவியில் விழாத ரேகை, போனின் பக்கவாட்டுச் சென்சாரில் மட்டும் விழுமா? கட்டை விரல், ஆள்காட்டி விரல் இரண்டும் விழவில்லை. சுண்டு விரல் விழுந்தது! பூப்பறிப்பில் அதற்கு வேலை குறைவு போல. பனி ஈரத்தோடு தொட்டால் திரை தானாக எங்கெங்கோ போகிறது. ஈரக்கையைப் புரிந்துகொள்ளும் திரை இந்த விலையில் எங்கள் கண்ணில் படவில்லை. இடுப்பில் ஒரு துணியைச் செருகிக்கொண்டு, துடைத்துவிட்டு எடுக்கிறார்.

வெயிலில் திரை தெரிவது பாதி நேரம் சிரமம். எல்சிடி திரை, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினாலும் பத்து மணி வெயிலில் கையை மறைப்பாக வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் வரப்பில் வைத்துவிட்டால் சூடேறி, தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியைக் காப்பாற்ற அப்படித்தான் செய்ய வேண்டும், அதைப் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம். 5000 எம்ஏஎச் பேட்டரி தாராளமாக இரண்டு நாள் வருகிறது. கரண்ட் போகிற ஊரில் இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். சார்ஜ் ஏற நேரம் எடுக்கிறது, இரவில் போடுகிறவர்களுக்கு அது பொருட்டில்லை. ஒலிபெருக்கி உரக்க இருக்கிறது. இடுப்பில் செருகியிருந்தாலும் தோட்டத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிறது. தமிழில் பேசி எழுத வைக்கும் வசதியை அத்தை பிடித்துக்கொண்டுவிட்டார். “நாளைக்கு மூணு ஆள் வேணும்” என்பதைச் சரியாக எழுதுகிறது. “அங்கிட்டு வாங்க” என்றால் தடுமாறுகிறது. பரவாயில்லை, குரலையே அனுப்பிவிடுகிறார்.

எரிச்சலூட்டியது பூட்டுத்திரையில் தானாக மாறிக்கொண்டே இருந்த செய்தியும் விளம்பரமும். கை பட்டால் எங்கோ கொண்டுபோய் விட்டது. அமைப்புகளுக்குள் ஆழமாகப் போய் அதை நிறுத்தினேன், கேட்காமல் ஏறியிருந்த விளையாட்டுகளையும் நீக்கினேன். நீக்க முடிந்தது, அதுதான் விஷயம். எங்களைத் தவிர இந்தப் போனுக்கு வேறு நிர்வாகி இல்லை.

நல்ல பெயருள்ள, அதிகம் விற்கிற மாடலாக எடுத்ததில் இன்னொரு லாபம். கீழே விழுந்து திரை போனால் அதற்கான காம்போ (கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த மாற்றுத் திரை) டவுன்ஹால் ரோட்டிலேயே கிடைக்கும், அன்றைக்கே மாற்றிக் கொண்டுவந்துவிடலாம். அபூர்வ மாடல் என்றால் வெளியூரிலிருந்து வரவழைக்கும்வரை பிழைப்பு நிற்கும். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும் என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது. மலிவு போன்கள் பலவற்றில் இரண்டு வருடத்தோடு நின்றுவிடுகிறது. போன் அதற்குப் பிறகும் உழைக்கும், ஆனால் பணம் புழங்குகிற போனில் அது நல்லதில்லை. கம்பெனிகள் இதை மெகாபிக்சல் அளவுக்குப் பெரிய எழுத்தில் பெட்டி மேல் போட வேண்டும்.

முழுக்காசு எல்லோரிடமும் இருக்காது என்று எனக்குத் தெரியும். அத்தை தோட்டத்தில் பறிக்க வரும் ஒரு அக்காவுக்கும் போன் வேண்டும். தினக்கூலியில் எட்டாயிரம் சேர்ப்பது எளிதில்லை, டியூ கடைக்காரர் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார். அத்தை அவரை நிறுத்தி, தன் மகளிர் குழுவில் பேசினார். குழுவில் உள்கடன் வாங்கிப் போனை ரொக்கமாக எடுப்பது, கூலி வரும் வாரங்களில் குழுவுக்குத் திருப்புவது என்று முடிவாகியிருக்கிறது. தவணை தவறினால் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டும், அது லேசான விஷயம் இல்லை. ஆனால் விடியற்காலையில் யாரும் போனைப் பிடுங்க மாட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு டவுன்ஹால் ரோட்டுக்குப் போகிறேன். அந்த அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், பள்ளிக்கூட வீடியோவெல்லாம் இந்தப் போனில்தான் ஏறும். இந்த முறை 128 ஜிபிக்குக் குறைந்து எடுப்பதாக இல்லை. பில்லில் ஐஎம்இஐ எண்ணை எழுதி வாங்க வேண்டும், பெட்டியைப் பிரிக்கும்போது கடைப் பையன் எந்தச் செயலியையும் ஏற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.